கத்தியா, கத்தரியா, கொக்கியா? ஸ்கூபாவுக்கு எதை எடுத்துப் போவது?

ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதைப் படித்து முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தம்பிகளும் தங்கைகளும் மாஸ்க், காலில் மாட்டும் ஃபின் என்று ஒவ்வொன்றாகச் சொந்தமாக வாங்கத் தொடங்குகிறார்கள். அப்புறம் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தக் கத்தி வாங்கலாம்?" கடலுக்குள் வலையிலோ கயிற்றிலோ சிக்கினால் வெட்டுவதற்கு ஏதாவது ஒன்று உடம்பில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது கத்தியாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள்தான் குறைவு. முதல் மூன்று வருடம் நானும் கேட்கவில்லை. வலது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளக் கத்தியை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு நாள் அந்தக் கத்தி என் உடம்பிலேயே இருந்தும் எனக்கு உதவவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கருவியாக வாங்கி, வெட்டிப் பார்த்து, ஒப்பிட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு நடந்தது இது. புதுச்சேரியிலிருந்து படகில் போய் ஒரு பாறைத்திட்டில் இறங்கியிருந்தோம். 14 மீட்டர் ஆழம். மழைக்காலம் முடிந்து கடல் தெளியத் தொடங்கிய நேரம்தான், ஆனாலும் நாலு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத கலங்கல். பாறை இடுக்கில் நின்ற ஒரு பெரிய களவா மீனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தபோது யாரோ பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. என்னவென்று பார்க்கத் திரும்பினேன். அதுதான் தப்பு. திரும்பியதும், கண்ணுக்குத் தெரியாமல் மாட்டியிருந்த வலை நரம்பு சிலிண்டர் வால்வைச் சுற்றி இன்னொரு சுற்று போட்டுக்கொண்டது. கத்தியை எடுக்கலாம் என்று குனிந்தேன். குனியக் குனியத் தோளின் குறுக்கே இழுப்பு கூடியது. என் விரல் உறைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. காலை மடக்கி மேலே கொண்டுவரப் பார்த்தேன், ஃபின்னும் வலைக்குள் போனது.

என் கூட்டாளி வந்து தோளைப் பிடித்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே காட்டினார்: அசையாதே. தன் இடுப்புப் பட்டையிலிருந்து எதையோ உருவினார். பின்னந்தலைக்கு அருகில் கரக், கரக் என்று நாலு சத்தம். தண்ணீருக்குள் சத்தம் நன்றாகவே கேட்கும், அந்த நாலும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அப்புறம் ஃபின்னில் இரண்டு. முடிந்தது. படகில் ஏறியதும் அவர் வெட்டிய துண்டை எடுத்துக் காட்டினார். படகுக்காரர் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கூசிங்க. பாருல மாட்டி அத்துக்கிட்டுப் போன வலை" என்றார். மெல்லிய நைலான் நரம்பைத் தங்கூசி என்றும் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்றும் அவர்கள் சொல்வார்கள். கூட்டாளியின் கையில் இருந்தது ஆம்புலன்ஸ்காரர்கள் அடிபட்டவரின் சட்டையை வெட்டப் பயன்படுத்துகிற வளைந்த கத்தரி. சர்ஜிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது.

எந்தக் கருவி என்று பேசுவதற்கு முன்னால் எதை வெட்டப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். நம் கரைகளில் ஸ்கூபா போகிற இடமும் மீன் பிடிக்கிற இடமும் ஒன்றுதான். மீன் கூடுகிற பாரைத் தேடி நாமும் போகிறோம், வலையும் போகிறது. பாறையில் மாட்டி அறுந்த வலை அங்கேயே கிடக்கிறது. செவுள் வலையின் தங்கூசி நைலான். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியது, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியவே கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டது. மீனின் கண்ணுக்குத் தெரியாதது நம் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுமா? நைலான் கடல்நீரை விடக் கனம், அதனால் பாறையோடு படிந்து கிடக்கும். வலையின் மேல்விளிம்புக் கயிறோ பெரும்பாலும் தண்ணீரை விட இலேசான பிளாஸ்டிக் கயிறு. அது மிதவையோடு சேர்ந்து மேலே எழும்பி வளையம் வளையமாக ஆடிக்கொண்டிருக்கும். இலங்கையில் தங்கூசி வலைக்குச் சட்டப்படித் தடை உண்டு. இருந்தாலும் கடலுக்குள் போன நைலான் மக்குவதில்லை. வலை தவிர, தூண்டில்காரர்கள் விட்டுப்போகும் நரம்பு இருக்கிறது. வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பல் கூர்மை என்பதால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி வைத்துக் கட்டுவார்கள், அதுவும் அங்கங்கே தொங்கும். நங்கூரக் கயிறுகள் வேறு.

ஆக, வெட்ட வேண்டியவை நாலு: கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கூசி, முறுக்கிய அல்லது பின்னிய நூல், தடித்த கயிறு, மெல்லிய கம்பி. முதலாவதுதான் அதிகம் சிக்குவது. அதுவும் விறைப்பாக வந்து சிக்காது, தொய்வாக வந்து சுற்றிக்கொள்ளும். இந்தத் தொய்வு என்கிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் முடிவு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

நேரமும் ஒரு கணக்கு. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11.1 லிட்டர். அழுத்தம் காட்டும் கேஜ் முள் 50 பாரில் (bar) நிற்கும்போது உள்ளே மிச்சம் இருப்பது 555 லிட்டர் காற்று. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. எனவே மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 60 லிட்டர் இழுப்பார். நிதானமாக இருந்தால் 9 நிமிடம் ஓடும். சிக்கிக்கொண்ட பதற்றத்தில் மூச்சு இரண்டு மடங்கானால் நாலரை நிமிடம்தான், அதற்குள் மேலே ஏறவும் வேண்டும். ஒரு இழையை அறுக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் கருவிக்கும் ஒரே நொடியில் வெட்டும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

மொட்டை மாடியில் ஒரு சோதனை

அந்த வாரமே மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இரண்டு கை கல்லுப்பு போட்டு, குறுக்கே ஒரு கம்பைக் கட்டி நாலையும் தொங்கவிட்டேன்: தங்கூசி, பின்னல் நூல், 12 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கயிறு, வஞ்சிரத் தூண்டில் கம்பி. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் வெட்டிப் பார்த்தேன். கடலுக்குள் இரண்டாவது கை சும்மா இருக்கும் என்று நம்ப முடியாது. அதில் டார்ச் இருக்கும், கூட்டாளியின் கை இருக்கும், அல்லது அந்தக் கையே சிக்கியிருக்கும்.

முதலில் கத்தி. தொய்வாகத் தொங்கிய தங்கூசியில் கத்தியை வைத்து இழுத்தேன். நரம்பு அலகோடு கூடவே வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. கத்தி வெட்ட வேண்டுமென்றால் நரம்பு எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்த்து நிற்க அதை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும், அதற்கு இன்னொரு கை வேண்டும். இரண்டாவது கையைக் கொடுத்ததும் ரம்பப்பல் விளிம்பில் சட்டென்று அறுந்தது. தடித்த கயிற்றில் கதை அப்படியே மாறியது. கயிற்றின் கனமே போதிய எதிர்ப்பைக் கொடுத்தது. ரம்பப்பல்லால் ஏழெட்டு இழுப்பு, கயிறு இரண்டாகப் பிரிந்தது. கம்பியில் கத்தியால் கீறல் விழுந்ததோடு சரி.

அடுத்து லைன் கட்டர். கொக்கி மாதிரி வளைந்த பிளாஸ்டிக் உடலுக்குள் சின்ன பிளேடு ஒளிந்திருக்கும், வாய் குறுகலாக இருக்கும். நரம்பை அந்த வாயில் மாட்டி இழுத்தால் போதும். இழுக்கும்போதே தொய்வு தானாக விறைக்கிறது, விறைத்ததும் அறுகிறது. ஆனால் நரம்பின் மறுமுனை எங்கோ கட்டுண்டு இருக்க வேண்டும். கம்பில் கட்டிய நரம்பு முதல் இழுப்பிலேயே போயிற்று. கட்டாமல் மிதக்கவிட்ட துண்டு கொக்கியோடு சேர்ந்து ஊர்ந்தது. பின்னல் நூலை அருமையாக வெட்டியது. 12 மில்லிமீட்டர் கயிறு அதன் வாய்க்குள் நுழையவே இல்லை. கம்பியில் மாட்டி இழுத்தேன், பிளேடின் ஓரம் சில்லு தெறித்தது.

கடைசியாகக் கத்தரி. வெட்டுகிற அலகையும் அதற்கு எதிர் நிற்கிற அலகையும் கத்தரி தானே கொண்டு வருகிறது. நரம்பு தொய்வாக இருந்தால் என்ன, விறைப்பாக இருந்தால் என்ன, கட்டியிருந்தால் என்ன, மிதந்தால் என்ன, இரண்டு அலகுக்கும் நடுவே வந்தால் போதும். ஒரு அலகில் நுண்ணிய பற்கள் இருப்பதால் தங்கூசி வழுக்கி ஓடவும் முடியவில்லை. பின்னல் நூல் ஒரே வெட்டு. கம்பியும் ஒரே வெட்டு, கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. தடித்த கயிற்றில்தான் திணறியது, கடித்துக் கடித்துப் புரி புரியாக அறுக்க வேண்டியிருந்தது. போய்விடும், ஆனால் நேரம் எடுக்கும்.

நாலில் மூன்றைத் தயங்காமல் வெட்டியது கத்தரி மட்டும்தான். நான் பார்க்கிற கடலில் அதிகம் சிக்குகிற மூன்றும் அவையேதான்.

கத்தரியின் நல்லதும் கெட்டதும்

கத்தரியில் எனக்குப் பிடித்த இன்னொன்று அதன் மழுங்கிய மூக்கு. காயத்துக்கு மேல் இருக்கும் துணியை வெட்டும்போது தோலைக் குத்தக் கூடாது என்று செய்த மூக்கு அது. பிசிடிக்கு (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப் பை வைத்த மேலங்கி) அடியில், காற்றுக் குழாயான ஹோஸுக்குப் பக்கத்தில், கூட்டாளியின் காதுக்குப் பின்னால் கண்ணால் பார்க்காமல் நுழைக்கும்போது அந்த மூக்கின் அருமை தெரியும். கூர்முனைக் கத்தியைக் கலங்கலில் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக நான் யாரையும் அனுமதிக்க மாட்டேன். காற்றுப் பையில் ஒரு குத்து விழுந்தால் ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும்.

வலையில் சிக்கிய பங்குனி ஆமையைக் காணும் வாய்ப்பும் நம் கரையில் உண்டு. ஒலிவ் ரிட்லி என்று படித்தவர்கள் சொல்லும் அந்த ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரைக்கு நெருங்கி வரும். அவற்றுக்கும் மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். துடுப்புக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் இறுகியிருக்கும். அங்கே சதையைத் தொடாமல் நுழைய மழுங்கிய மூக்கால்தான் முடியும்.

கெட்டது என்று பார்த்தால், துரு. மலிவான கத்தரியின் அலகு எவர்சில்வர் மாதிரி பளபளத்தாலும் இரண்டையும் பிணைக்கிற ஆணியில் முதலில் துரு பிடிக்கும். இரண்டு முறை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்படியே பையில் வைத்தால் மூன்றாம் முறை விரல் நோகத் திறக்க வேண்டியிருக்கும். கடலுக்கென்றே செய்த கத்தரிகள் கிடைக்கின்றன, விலை பல மடங்கு. நான் மலிவானதையே வாங்கி, நன்றாகக் கழுவி, வருடத்துக்கு ஒன்றை மாற்றுகிறேன். இன்னொரு குறை: தடித்த கையுறை போட்டால் விரல் வளையத்துக்குள் போகாது. நம் கடலில் தண்ணீர் வெதுவெதுப்பு, மெல்லிய கையுறையே போதும் என்பதால் எனக்கு அது தடையாக இல்லை. குளிர்நாட்டில் 5 மில்லிமீட்டர் கையுறையோடு இறங்குபவருக்கு லைன் கட்டரின் பிடி வசதியாக இருக்கும்.

லைன் கட்டர் யாருக்கு

லைன் கட்டரை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதைப் போல எங்கும் மாட்டக்கூடிய கருவி வேறு இல்லை. கைக்கடிகாரப் பட்டையில், பிசிடியின் தோள் வாரில், அந்தக் காற்றுப் பையை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில், எங்கு வேண்டுமானாலும் உட்காரும். பிளேடு உள்ளே மறைந்திருப்பதால் கைதவறிப் பட்டாலும் தோலை வெட்டாது. ஹோஸ் தடிமன் அதன் வாய்க்குள் நுழையாது, ஆகவே பதற்றத்தில் மூச்சுக்குக் காற்று தரும் சொந்த ரெகுலேட்டர் ஹோஸை அறுத்துக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. பிளேடு மாற்றுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதில் இருப்பது சவர பிளேடு மாதிரி மெல்லியது. உப்பு ஏறினால் விளிம்பு போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. பிளேடை மாற்ற முடியாத மலிவு வகையைக் கடலில் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது கருவியாக இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து. அந்தமானில் ஹேவ்லாக் பக்கம் தெளிந்த தண்ணீரில் பவளத்திட்டுகளைப் பார்த்துவிட்டு வருபவருக்கு முதல் கருவியாகவும் இதுவே போதும். அங்கே 20 மீட்டருக்கும் மேல் பார்வை போகிற நாட்கள் நிறைய, வலையைத் தூரத்திலேயே பார்த்து விலகலாம்.

கத்தியின் இரும்பு

கத்தி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கயிறு வெட்ட அதை மிஞ்ச ஆள் இல்லை. வாங்குவதானால் என்ன உலோகம் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இதைப் புரிந்துகொள்ள நம் அடுப்படியே போதும்.

பாட்டி வீட்டு அரிவாள்மனை இரும்பு. காலையில் தேங்காய் நாரையும் வெட்டும், வாழைக்காயையும் மெல்லிசாகச் சீவும். ஈரத்தோடு விட்டால் மறுநாள் சிவந்திருக்கும். எவர்சில்வர் தட்டு வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தீட்டிக் கத்தியாக்கினால் கூர் நிற்காது. கூர் நிற்பதும் துருப்பிடிக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி. கடல் கத்தியிலும் இதே இழுபறிதான். 304 என்று போட்டிருந்தால் அது நம் எவர்சில்வர் பாத்திர ரகம், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 அதிலேயே மாலிப்டினம் சேர்த்தது, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். இரண்டையும் சூடுகாட்டிக் கடினமாக்க முடியாது, அதனால் கூர் சீக்கிரம் போகும். 420 ரகம் அரிவாள்மனையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது: கூர் நிற்கும், கவனிக்காவிட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். ஸ்கூபாக் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கத்திகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

டைட்டானியம் துருப்பிடிக்கவே பிடிக்காது, எஃகில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான எடைதான். கழுவ மறந்தாலும் மன்னிக்கும். விலைதான் மன்னிக்காது. சாதாரண டைட்டானியத்தில் நல்ல எஃகின் கூரும் நிற்காது, ரம்பப்பல் பக்கத்தை நம்பித்தான் வாங்க வேண்டும். கூரும் வேண்டும், துருவும் கூடாது என்று இரண்டையும் சமாளித்தவை எச்1 மாதிரியான நைட்ரஜன் சேர்த்த எஃகுகள். ஸ்பைடர்கோ என்ற கத்தி நிறுவனம் தன் 'சால்ட்' வரிசைக் கத்திகளில் எச்1-ஐப் பயன்படுத்திப் பிரபலமாக்கியது. நல்ல பொருள், ஆனால் அந்த வரிசையில் பல மடக்குக் கத்திகள். மடக்கைக் கையுறை விரலால் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் மடக்காத, உறையிலிருந்து உருவினால் போதும் என்கிற வகையையே எடுப்பேன்.

அலகு 7 முதல் 10 சென்டிமீட்டர் போதும். ஒரு பக்கம் ரம்பப்பல், இன்னொரு பக்கம் நேர்விளிம்பு, முனை உளி மாதிரி மழுங்கல். என்னுடைய ஒரு சாண் கத்தியை நான் கொடுத்துவிட்டேன். சுறாவுக்காகக் கத்தி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுறாவிடம் கத்தியை நீட்டுவது உங்களுக்கும் நல்லதில்லை, சுறாவுக்கும் நல்லதில்லை.

எங்கே மாட்டுவது

எதை வாங்கினீர்கள் என்பதில் பாதிதான் இருக்கிறது. எங்கே மாட்டினீர்கள் என்பதில் மீதிப் பாதி. என் கெண்டைக்கால் கத்தி மோசமான கத்தி இல்லை. கை எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். காலுக்கு வெளிப்பக்கம் கட்டிய கத்தி தானே வலையில் மாட்டுகிற ஒரு கொக்கியாகவும் வேலை செய்யும். காலில்தான் கட்டுவேன் என்பவர்கள் குறைந்தபட்சம் உள்பக்கமாகக் கட்டலாம்.

இரண்டு தோளையும் தொப்புளையும் இணைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள். இரண்டு கையாலும் எட்டுகிற இடம் அதுதான். முதல் கருவி அதற்குள் இருக்க வேண்டும். என் கத்தரி இடுப்புப் பட்டையில், தொப்புளுக்கு ஒரு கை இடதுபுறம், வாய்மூடி வைத்த சின்ன நைலான் உறையில் இருக்கிறது. லைன் கட்டர் வலது தோள் வாரில். இரண்டையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள். ஒரு கை சிக்கினால் அந்தப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன் கூட்டாளியிடம் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தொட்டுக் காட்டுங்கள். அன்று என்னை விடுவித்தது என் கருவி இல்லை, அவருடையது. முதுகுப்பக்கம் வலை சிக்கினால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

எந்தக் கடலுக்கு எது

சென்னை, புதுச்சேரி, இராமேசுவரம் பக்கம் மீன்பிடி நடக்கிற கடலில் இறங்குபவருக்கு என் பதில்: கத்தரி ஒன்று, லைன் கட்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்தே ஒரு நல்ல கத்தியின் விலைக்குள் வந்துவிடும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கத்தரி.

திருகோணமலையில் நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போய் ஆழமில்லாத பவளத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் லைன் கட்டரோடு போகலாம். அதே கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் வேறு உலகம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானம் தாங்கிக் கப்பல், 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டிய ஆழம், தனிப் பயிற்சி இருந்தால்தான் போக முடியும். மூழ்கிய கப்பல் எல்லாமே மீனுக்கு வீடு, அதனால் வலைக்கும் தூண்டிலுக்கும் வீடு. கயிறும் கம்பியும் நரம்பும் ஒன்றாகக் கிடக்கும். அங்கே போகிறவரிடம் கத்தரி, லைன் கட்டர், ரம்பப்பல் கத்தி மூன்றும் இருந்தாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

வெளிநாடு போனால் முதலில் அந்த இடத்து விதியைக் கேளுங்கள். மெக்சிகோவின் கோசுமெல் கடற்பூங்காவில் பவளத்தைக் காப்பதற்காகக் கத்தியும் கையுறையும் கொண்டு இறங்கக் கூடாது என்கிறார்கள். விமானத்தில் எதுவானாலும் செக்-இன் பையில்தான். கைப்பையில் மறந்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையோடு அது போய்விடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் வெட்டும் கருவி இருக்கிறது என்பதால் கண்ணில் பட்ட வலையை எல்லாம் வெட்டக் கூடாது. மேலே மிதவை தெரிகிற வலை யாரோ ஒருவருடைய அன்றாடச் சோறு. அதன் பக்கமே போகாதீர்கள். தவறிச் சிக்கிக்கொண்டால் உங்களை விடுவிக்க எத்தனை கண்ணி வேண்டுமோ அத்தனை மட்டும் வெட்டுங்கள், மேலே வந்ததும் அந்தப் படகுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அப்படிப் போய்ச் சொன்னேன். அந்த அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆள் தப்பிச்சுதே, அது போதும். வலையை முடிஞ்சுக்கலாம்" என்றார். கைவிடப்பட்ட வலையை அகற்றுவதும் தனி வேலை. ஒரு இடத்தில் வெட்டினால் இன்னொரு இடத்தில் எழும்பி உங்களையே மூடும். பயிற்சி பெற்ற குழுவோடு மட்டும் செய்யுங்கள்.

பராமரிப்பு சுருக்கமாக: கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள், கத்தரியைத் தண்ணீருக்குள் பத்து முறை திறந்து மூடுங்கள், உறையையும் கழட்டிக் கழுவுங்கள். உப்பு உறைக்குள்தான் தங்கும். காய்ந்த பிறகு ஆணியில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய்.

வாங்கிய பிறகு கடலுக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டிலேயே பிசிடியை முழுதாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒருவரை உங்கள் வலது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடது கையால் கத்தரியை உருவி, தோளுக்கு மேல் தொங்கும் தங்கூசியை வெட்டுங்கள். அப்புறம் கையை மாற்றிச் செய்யுங்கள். இடது கை எட்டவில்லை என்றால் வேறு கருவி தேட வேண்டாம், உறையை இரண்டு விரல் நடுப்பக்கம் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள்.